வாய், தொண்டை ஸ்ட்ரெப்டோகாக்கஸ்கள்: இனங்காணலும் வகைப்பாடும்

மனிதரின் வாயிலும் தொண்டையிலும் மிகுதியாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்களுள் ஒரு பேரினம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். கோத்த மணிகளைப்போலச் சங்கிலியாக வளரும் உருண்டை செல்கள் இவை. கிராம் சாயத்தில் ஊதாவாகத் தெரியும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டால் ஸ்டஃபைலோகாக்கஸ் நுரைக்கும், இவை நுரைக்காது. பேரினத்தின் பெயர் 1874இல் தியோடார் பில்ரோத் இட்டது.

ஆய்வகத்தில் முதலில் பார்ப்பது இரத்த அகார் தட்டை. கூட்டமைவைச் சுற்றி இரத்தம் முழுவதும் சிதைந்து கண்ணாடிபோல் தெளிந்தால் பீட்டா. பச்சை படர்ந்தால் ஆல்ஃபா. மாற்றமே இல்லையெனில் காமா. ஜே. எச். பிரவுன் 1919இல் வகுத்த இப்பிரிவுகள் இன்றும் வழக்கில் உள்ளன. பீட்டா வகைகளைச் செல்சுவரிலுள்ள சர்க்கரைப் பொருளைக் கொண்டு ஏ, பி, சி எனப் பிரிக்கும் முறையை 1933இல் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் தந்தார். தொண்டை அழற்சியும், அதன் பின்விளைவாக வாதக் காய்ச்சலும் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜெனஸ் ஏ பிரிவு. பாசிட்ராசின் வில்லையைச் சுற்றி அது வளராது. பிஒய்ஆர் சோதனையில் சிவக்கும். இதுவரை வேலை எளிது.

சிக்கல் பச்சை படர்பவற்றில்தான். விரிடான்ஸ் எனப்படும் இவற்றுக்கு லான்ஸ்ஃபீல்ட் முறை பெரிதும் உதவுவதில்லை. எந்தச் சர்க்கரையை நொதிக்கிறது, அர்ஜினினையும் எஸ்குலினையும் சிதைக்கிறதா, யூரியேஸ் உண்டா என்று பார்த்தே மிட்டிஸ், சாங்குவினிஸ், சலிவாரியஸ், ஆஞ்சினோசஸ், மியூட்டன்ஸ் முதலிய குழுக்களாகப் பிரிக்கிறார்கள். அனுபவமுள்ள தொழில்நுட்பருக்கு மூக்கும் கருவியே: ஆஞ்சினோசஸ் தட்டில் பெரும்பாலும் கருக்கிய சர்க்கரை மணம் வரும். நாக்கில் மிகுந்திருக்கும் சலிவாரியஸ், கரும்புச் சர்க்கரை கலந்த ஊடகத்தில் பருத்துப் பிசுபிசுக்கும் கூட்டமைவாக வளரும். மியூட்டன்ஸை 1924இல் பற்சொத்தையிலிருந்து பிரித்தவர் ஜே. கிளார்க். இக்குழுவில் மனித வாயில் முக்கியமான மற்றொன்று சோப்ரினஸ்.

நிமோனியா தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியேவும், வாயில் பெரும்பாலும் தொல்லையின்றி வாழும் மிட்டிஸும் நெருங்கிய உறவு. இரண்டின் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு 99 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருப்பதால், பிற பாக்டீரியாக்களில் கைகொடுக்கும் அந்த மரபணு இங்கே கைவிடுகிறது. புரதங்களின் நிறையைக் கொண்டு இனங்காணும் மால்டி-டாஃப் கருவியும் இவ்விரண்டைக் குழப்பிக்கொள்வதுண்டு. போதாததற்கு இவை வெளியிலிருந்து டிஎன்ஏவை உள்வாங்கி மரபணுக்களைப் பரிமாறிக்கொள்கின்றன. நிமோனியேவின் பெனிசிலின் எதிர்ப்பு மரபணுத் துண்டுகள் பல மிட்டிஸ் குழுவிலிருந்து வந்தவையே. இனங்களுக்கிடையே உறுதியான வேலி இல்லாதபோது, ஒற்றைச் சோதனையை நம்பிப் பெயரிடுவது தவறு. எனவே ஆப்டோசின் வில்லையைச் சுற்றி 14 மில்லிமீட்டருக்குக் குறையாத வெற்றுவட்டம், பித்த உப்பில் கரைதல் ஆகிய இரண்டையும் சேர்த்தே நிமோனியே என்கிறார்கள். 2004இல் விவரிக்கப்பட்ட சூடோநிமோனியே, கார்பன் டை ஆக்சைடு கூடிய காற்றில் ஆப்டோசினைத் தாங்கும். சாதாரணக் காற்றில் தாங்காது. ஐயம் நீடித்தால் பல மரபணுக்களையோ முழு மரபணுத்தொகுதியையோ ஒப்பிட வேண்டும்.

தொண்டைத் துடைப்பில் விரிடான்ஸ் வளர்ந்தால் அது இயல்பான குடி, மேற்கொண்டு இனம் பார்ப்பதில்லை. இரத்த வளர்ப்பில் மீண்டும் மீண்டும் வளர்ந்தாலோ இதய உள்ளுறை அழற்சியை ஐயுற்று இனம் வரை கண்டறிய வேண்டும்.