கடைசல் மரத்தில் ஏறிய சுடர்

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஒஸ்லோவில் பகல் ஆறு மணி நேரம்கூடத் தேறாது. பிற்பகல் மூன்றே கால் மணிக்குள் சூரியன் அடங்கிவிடும். நகரின் வடகிழக்கில், குரூருட் பள்ளத்தாக்கில் இருக்கும் ரொம்மனின் அடுக்குமாடிச் சாளரங்களில் அப்போது சிறு மெழுகுச் சுடர்கள் தெரியத் தொடங்கும். நத்தாருக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் ஒவ்வொரு மெழுகுதிரியாகக் கூட்டி ஏற்றுவது நோர்வே வழக்கம். தமிழ் வீடுகளின் கார்த்திகை விளக்கீடும் அந்தப் பருவத்தை ஒட்டியே வருகிறது. அலுமினியக் கிண்ணத்தில் எரியும் இந்தச் சின்ன மெழுகுகளுக்கு இருக்கையாகப் பல வீடுகளில் கடைந்தெடுத்த மரத்தாங்கி இருக்கும். விலை குறைந்த பொருள்தான். ஆனால் அதன் வரலாறு நீண்டது.

நோர்வேயில் மரம் கடைவது பழந்தொழில். பேர்கன் துறைமுகத்தின் பிரிக்கன் பகுதியில் 1955இல் பெருந்தீ மூண்டது. அதன்பின் அங்கே நடந்த அகழாய்வில் இடைக்கால மனிதர்கள் உண்டு குடித்த கடைசல் கிண்ணங்களும் தட்டுகளும் கிடைத்தன. அவற்றைக் கடைந்த கருவி மிக எளியது. மேலே வளையும் ஒரு கழி, கீழே ஒரு மிதிகட்டை, இரண்டையும் இணைக்கும் கயிறு. அந்தக் கயிறு மரத்துண்டை ஒரு சுற்றுச் சுற்றிச் செல்லும். மிதித்தால் மரம் கடைபவரை நோக்கிச் சுழலும். உளி வெட்டுவது அப்போது மட்டுமே. காலை எடுத்தால் கழி நிமிர்ந்து கயிற்றை இழுக்கும், மரம் எதிர்ப்பக்கம் திரும்பும், அந்நேரம் உளியைச் சற்று விலக்கிப் பிடிக்க வேண்டும். காலும் கையும் ஒத்துப்போகாவிட்டால் கிண்ணம் கெட்டுவிடும்.

18ஆம் நூற்றாண்டில் இக்கலை திருவிழாக் கோலம் பூண்டது. பிர்ச் போன்ற மரங்களில் பெரிய பியர்க் கிண்ணங்களைக் கடைந்து, உட்புறத்திலும் விளிம்பிலும் பூங்கொடி வரைந்து, கல்யாண விருந்துகளில் கைமாற்றிக் குடித்தார்கள். நூற்கும் இராட்டையின் ஆரங்களும் கால்களும்கூடக் கடைசல்காரர் கைவேலைதான். பீங்கானும் ஆலைத்துணியும் மலிந்தபோது இந்த இரண்டு பிழைப்பும் தளர்ந்தன.

மெழுகுத்தாங்கி அன்றாடப் பொருளாக மாறியது அதற்குப் பிறகே. நோர்வேயின் ஏழை வீடுகள் நெடுங்காலம் பிசின் ஏறிய பைன் சிராய்களையும் மீனெண்ணெய் விளக்குகளையும் நம்பியிருந்தன. கொழுப்பு மெழுகுதிரி பண்டிகைக்கு உரியது. பிரான்சின் வேதியியலாளர் செவ்ரல் 1820களில் ஸ்டியரினைப் பிரித்துக் காட்டினார். 1850இல் ஸ்கொட்லாந்தின் ஜேம்ஸ் யங் பாரஃபின் தயாரிப்புக்குக் காப்புரிமை பெற்றார். மெழுகுதிரி எளியவர் வீட்டுக்குள் வந்தது இவ்விரு கண்டுபிடிப்புகளின் வழியே.

ஏறத்தாழ அதே காலத்தில் கடைசலுக்குப் பள்ளிக்கூடம் அடைக்கலம் கொடுத்தது. 1866இல் பின்லாந்து கைத்தொழிலைப் பாடமாக்கியது. சுவீடனின் நேஸ் பண்ணையில் ஒட்டோ சாலமன் அதற்கு ஆசிரியர்களைப் பயிற்றினார். நோர்வேயின் தோவ்ர மலைப்பகுதியில் 1886இல் எழுந்த யேர்லெய்ட் பள்ளி மரக்கைவினையை இன்றும் கற்பிக்கிறது. 1974ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்துக்குப் பின் மரவேலையும் தையலும் ஆண் பெண் இருபாலருக்கும் பொதுவாயின.

பழகுபவர்க்கு மெழுகுத்தாங்கியைப் போல நல்ல முதற்பாடம் இல்லை. மெழுகுக் கிண்ணத்தின் விட்டம் சுமார் 38 மில்லிமீட்டர். குழிக்கு 40 மில்லிமீட்டர் போதும். அடி தட்டையான குழியைக் குடைய ஃபோஸ்ட்னர் துளைப்பான் வேண்டும். அமெரிக்கரான பெஞ்சமின் ஃபோஸ்ட்னர் 1874இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். குழி குடைந்த பின் வெளிப்புறத்தை உளியால் வளைத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசினால் வேலை முடிந்தது. மரம் தீயைத் தொடாதிருக்கக் குழிக்குள் கண்ணாடியோ உலோகமோ பதிப்பது நல்லது.

தமிழர் இந்த நாட்டுக்கு வந்த கதையும் கைத்தொழிலை ஒட்டியதே. 1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வே சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் பின்னர் ஊர் திரும்பிச் சீநோர் நிறுவனத்தை உருவாக்கினார். காரைநகரில் அதன் படகுத் தளம் எழுந்தது. அவருக்குப் பின் வந்த இளைஞர் பலருக்கு நோர்வேயின் கதவைத் திறந்தவை மக்கள் உயர்பள்ளிகள். தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாமல் இசையும் கைவினையும் கற்பிக்கும் விடுதிப் பள்ளிகள் அவை. இன்று ரொம்மன் ஒஸ்லோத் தமிழரின் முக்கிய இருப்பிடங்களில் ஒன்று. அங்கே 2010இல் திறந்த பள்ளி, பண்பாட்டு மையமாகவும் இயங்குகிறது.

தமிழகத்தில், தாமிரபரணிக் கரையின் அம்பாசமுத்திரத்திலும் மரம் கடையும் இதே தொழில் தலைமுறைகளாக நடக்கிறது. அம்பை என்று சுருக்கி அழைக்கப்படும் அவ்வூரின் சொப்புச் சாமான்கள் கடைசலில் பிறந்தவை. மின்மோட்டார் வருவதற்கு முன் நம் நாட்டுக் கடைசல்காரர் வில்லின் நாணை மரத்தில் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தே கடைந்தார். பேர்கனின் மிதிகட்டையும் அதே முறையில்தான் இயங்கியது. நிறம் ஏற்றுவதில் நம்மவர் ஒருபடி மேல். சுழலும் மரத்தின் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். தனித் தூரிகையும் வேண்டாம், உலர்த்தக் காத்திருக்கவும் வேண்டாம்.

நெகிழிப் பொம்மைகள் அம்பையின் சந்தையைச் சுருக்கிவிட்டன. ஆனால் அரக்கு பூசிய தாங்கிகளுக்கு நோர்வேயின் நீண்ட குளிர்காலத்தில் நிச்சயம் இடமிருக்கிறது. ரொம்மன் தமிழ்ப் பெற்றோர் பள்ளியிலிருந்து பிள்ளை கொண்டுவரும் மரத்தாங்கியைச் சாளரத்தில் வைக்கும்போது அம்பையைப் பற்றியும் சொல்லட்டும். விடுமுறைக்குத் தமிழகம் போகிறவர்கள் அம்பைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். கடைசல்காரரிடம் 40 மில்லிமீட்டர் குழியோடு பத்துத் தாங்கிகள் கேட்டு வாங்கி வாருங்கள்.