எரியோவிக்சியா கிரிஃபிண்டோரி

எரியோவிக்சியா கிரிஃபிண்டோரி என்பது கர்நாடக மாநிலம் சிவமொக்கா மாவட்டத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிலிருந்து 2016-இல் அறிவியலுக்கு அறிமுகமான சிறு சிலந்தி இனம். வட்டவலை பின்னும் சிலந்திகளின் குடும்பமான அரனெய்டேயில், எரியோவிக்சியா பேரினத்தில் அடங்கும்.

உடல் நீளம் ஏறத்தாழ 7 மி.மீ. வயிற்றுப்பகுதி கூம்பு வடிவில் பின்னோக்கிக் குறுகி, வளைந்த நுனியுடன் முடிகிறது. பழுப்பு நிறமும் இவ்வடிவமும் சேர்ந்து, காய்ந்து சுருண்ட இலையாக இதைத் தோன்றச் செய்கின்றன. பறவை முதலான எதிரிகளின் கண்ணுக்குத் தப்ப இவ்வுருமறைப்பு உதவுகிறது. இனவிளக்கம் பெண் சிலந்தியைக் கொண்டு எழுதப்பட்டது.

வாழிடம் 'கான்' எனப்படும் காடு. உள்ளூர் மக்கள் வழிபாட்டு மரபோடு காத்துவந்த பசுமைமாறாக் காட்டுத் துண்டுகளுக்கு அங்கு வழங்கும் பெயர் இது.

ஜாவேத் அகமது, ராஜஸ்ரீ கலாப், சுமுகா ஆகியோர் இந்திய சிலந்தியியல் ஆய்விதழில் இவ்வினத்தை விவரித்தனர். ஜே. கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் கதைகளில் மாணவர்களை இல்லம் பிரிக்கும் மந்திரத் தொப்பியை உடல் ஒத்திருப்பதால், அத்தொப்பியின் முதல் உரிமையாளரான காட்ரிக் கிரிஃபிண்டாரின் பெயர் சூட்டப்பட்டது. உலகச் செய்திகளில் இது இடம்பெற்றதற்கு உடலமைப்பைவிடப் பெயரே காரணம். ரௌலிங்கும் கண்டறிந்தோரைப் பாராட்டினார்.