விளக்கும் வனமும்

கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் அமைத்த வாவியின் மதிலில் முக்கோண மாடங்கள் உண்டு. விழாக்காலங்களில் அவற்றில் விளக்கேற்றினர். எண்ணெய் வற்றியதும் இருள் மீண்டது.

தலதா மாளிகைக்குப் பின்னே உடவத்தகெலே வனம். மன்னராட்சியில் பொதுமக்கள் புகக்கூடாத இடம். 1856 இல் ஒதுக்குக்காடாகி, 1938 இல் சரணாலயமாயிற்று. அங்கே முள்ளம்பன்றியும் சருகுமானும் இரவில்தான் இரைதேடும். பேராதனைப் பூங்காவின் பழந்தின்னி வௌவால்களும் அந்தியில் பறந்து விதைகளைப் பரப்பும்.

இன்றைய மின்விளக்கோ விடியும்வரை அணைவதில்லை. வழிநடப்போருக்கு அது காவல். இருளில் வாழும் உயிர்களுக்கோ வேலி. ஒளியைக் கீழ்நோக்கித் தாழ்த்தினால் பாதையும் தெரியும், வனத்துக்கு இரவும் மிஞ்சும். மன்னர்கள் மக்களைத் தடுத்துக் காத்த வனத்தை, நாம் விளக்கைத் தாழ்த்திக் காக்கலாமே!