முப்பதாண்டு வில்லங்கம்

வீடு வாங்க விரும்புவோர் தரகரிடம் முதலில் கேட்பது, "ஏரியா எப்படி?" என்பதே. தண்ணீர் வருமா, பள்ளிக்கூடம் பக்கமா, கோயிலுக்கு நடந்து போகலாமா என்ற கேள்விகள் பின்தொடரும். இந்த இடத்தில் இதற்கு முன்னர் என்ன இருந்தது என்று கேட்பவர் மிகச் சிலர். தண்டையார்பேட்டைப் பக்கம் மனை தேடுவோர் தவறாது கேட்கவேண்டிய கேள்வி அதுவே என்று சொல்லத் தோன்றுகிறது.

தொண்டியருகே பிறந்த குணங்குடி மஸ்தான் சாகிபு இங்கு வந்து வாழ்ந்ததால் 'தொண்டியார்பேட்டை' எனப் பெயர் உண்டாயிற்று என்பர். ஆனால் எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு இவ்வூர் கும்பெனியார் கைக்கு வந்தது 1693இல். சாகிபு அதற்கு ஏறத்தாழ நூறாண்டு பிந்திப் பிறந்தவர். பெயர்க்காரணக் கதைகள் பலவும் இத்தகையனவே. இனிமைக்காக வைத்துக்கொள்ளலாம், சான்றாகக் கொள்ளலாகாது.

கும்பெனிக் காலத்தில் இப்பகுதியில் குடியேறியவர்களுள் பலருக்கு இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வேறொருவர். கவர்னர் காலெட் 1717 முதல் 1720 வரை பதவியிலிருந்தபோது நெசவாளருக்காக ஒரு பேட்டையை அமைத்தார். அவர் பெயரே மக்கள் நாவில் திரிந்து காலடிப்பேட்டை ஆயிற்று. கும்பெனித் துணிகளை வெளுத்தவர்கள் விரிந்த வெளியும் நல்ல நீரும் தேடி வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. இப்பக்கத்து மணலுக்கடியில் ஊறிய நீர் எத்துணை நன்றாயிருந்தது என்பதற்குச் சான்று ஏழு கிணறு. கோட்டைக்குக் குடிநீர் வழங்க 1772இல் அங்கேதான் கிணறுகள் தோண்டப்பட்டன. இராயபுரத்தைப் பற்றி நம்மவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. கப்பலுக்கும் கரைக்கும் இடையே படகு செலுத்திய கத்தோலிக்க மக்கள் தங்கள் பாதுகாவலரான இராயப்பரின் பெயரை ஊருக்கே கொடுத்துவிட்டனர்.

பின்னர் ஆலைகள் வந்தன. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் சங்கும் என்பீல்டு தொழிற்சாலையின் சங்கும் காதில் விழும் தூரத்தில் வீடு அமைந்தால் போதும் என்று எண்ணியே எத்தனையோ குடும்பங்கள் இங்கு வந்து சேர்ந்தன. பேருந்துச் செலவு மிச்சம்; மதிய உணவு சூடாக வந்து சேரும். அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் பெரம்பூர் பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் நின்றுபோயிற்று. வேலை போனபின்னும் வீடுகள் நிற்கின்றன.

இவை யாவற்றினும் பெரிய மாற்றத்தைச் செய்தது துறைமுகம். 1875இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நம் கரையோரத்தில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கின்றன. கடலுக்குள் நீண்ட துறைமுகச் சுவர்கள் அந்த மணலை மறித்தன. தென்புறத்தில் மணல் சேர்ந்து சேர்ந்து இன்று நாம் மெச்சும் மெரினா அகன்றது. வடபுறத்தில் வரவேண்டிய மணல் வராமற்போகவே, இராயபுரம் தொடங்கி வடக்கே கடல் கரையைத் தின்னத் தொடங்கிற்று. தெருக்களும் குப்பங்களும் போயின. கரைநெடுகக் கொட்டப்பட்டுள்ள கருங்கற்கள் அதனால் வந்தவையே. ஒரே நகரத்தின் ஒரு பாதிக்கு உலாவும் கடற்கரையையும் மறுபாதிக்குக் கற்குவியலையும் கொடுத்தது ஒரே சுவர். 'வடசென்னை நல்ல ஏரியா இல்லை' என்று முகம் சுளிப்போர் இதைச் சற்று எண்ணிப்பார்க்கலாம்.

துறைமுகத்தோடு எண்ணெயும் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சுட்டபோது தீப்பற்றியவை துறைமுகத்தருகே இருந்த பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகள். அன்று ஊரைவிட்டு ஓடியவர் பல்லாயிரவர். காலப்போக்கில் எண்ணெய்க் கிடங்குகள் தண்டையார்பேட்டையிலும் பெருகின. துறைமுகத்திலிருந்து அவற்றுக்கு நிலத்தடிக் குழாய்கள் ஓடின. 2013இல் தண்டையார்பேட்டையின் சில தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீரோடு எண்ணெய் கலந்து வந்தது. குழாய்க் கசிவே காரணம் எனத் தெரிந்து, வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. நல்ல ஊற்றுநீருக்குப் பெயர்பெற்ற மண்ணில் வாளி நீரில் பெட்ரோல் வாடை வீசியதைவிட வேறு என்ன சொல்ல?

அந்தத் தெருக்களில் வீடு வாங்கியவர்கள் தாய்ப்பத்திரம் பார்த்திருப்பார்கள், பட்டாவைச் சரிபார்த்திருப்பார்கள், முப்பதாண்டுக்கு வில்லங்கச் சான்று போட்டிருப்பார்கள். அடமானம் இருந்தால் அச்சான்று காட்டிவிடும். மண்ணுக்குள் ஓடும் குழாயை அது காட்டாது. நூற்றைம்பது ஆண்டு வில்லங்கத்தை முப்பதாண்டுத் தாளில் தேடிப் பயனில்லை.

இது வடக்கே மட்டும் உள்ள குறை என்று எண்ணித் தெற்கே போவோரும் உண்டு. தியாகராயநகரே 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுப்பிய நகர்தான். (அதற்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் வடசென்னையில் தறிக்கூடம் நடத்தியவர் என்பது ஒரு வேடிக்கை.) ஏரியும் சதுப்பும் சுருங்கி வளர்ந்த வேளச்சேரி, 2015 டிசம்பரில் மூழ்கியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் மூழ்கியது. அதே மழையில் எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி மீனவரின் வலைகளைப் பாழாக்கியது. வடக்கோ தெற்கோ, மனையின் முன்கதையை விசாரித்தே ஆகவேண்டும்.

விசாரிப்பதும் கடினமன்று. பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. எந்தச் சர்வே எண் குடியிருப்புக்கு, எது தொழிலுக்கு என்று அதன் வரைபடங்கள் சொல்லும். மேடு, தாங்கல், ஏரி, பள்ளம் என்று ஊர்ப்பெயர்களே பாதி சொல்லிவிடும். ஐப்பசி மழையில் ஒருமுறை போய்ப் பார்ப்பது நன்று. நாற்பது ஆண்டாக அத்தெருவில் குடியிருக்கும் மூதாட்டி ஒருவரிடம், தண்ணீர் எந்த வாசற்படிவரை ஏறியது என்று கேட்பது அதனினும் நன்று. 2021 பிப்ரவரியில் தண்டையார்பேட்டை வழியே மெட்ரோ ஓடத் தொடங்கியபின் தரகர் வாயில் நிலையத்தின் தொலைவு மட்டுமே மீட்டர் கணக்கில் வருகிறது. கிடங்கின் தொலைவை நாமே அளந்துகொள்ள வேண்டும்.

விசாரித்துத் தேரும் வாய்ப்பு எல்லார்க்கும் கிடைப்பதில்லை என்பதையும் மறத்தலாகாது. 2000ஆம் ஆண்டு முதல் கால்வாய், ஆற்றங்கரைகளில் வாழ்ந்தோர் நகரின் தென்கோடியிலுள்ள கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டனர். காலெட்டின் காலத்திலாவது தறியை அருகில் வைத்தே பேட்டை அமைத்தார்கள். காசிமேட்டில் மீன் விற்கும் பெண்ணிடம் நல்ல ஏரியா எது என்று கேட்டால் அவர் யோசிக்கவே மாட்டார். விடியுமுன் கூடையோடு நடந்து ஏலத்துக்குப் போய்ச் சேரக்கூடிய தூரம், அவ்வளவுதான்.