வேண்டாம்னு சொன்ன வாடிக்கையாளர்கள்

சி மொழியில பத்து இடம் உள்ள வரிசையில பதினோராவதா ஒண்ணை எழுதினா, மொழி தடுக்காது. அது பக்கத்து நினைவகத்துல போய் விழும். அந்தக் காலத்துல தடுக்கத் தெரியலைன்னுதான் நானும் நினைச்சிருந்தேன்.

தெரிஞ்சிருந்தது! 1960களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் எல்லியட் நிறுவனத்தில் டோனி ஹோர் குழு உருவாக்கிய அல்கால் 60 கம்பைலர், ஒவ்வொரு முறையும் எல்லையைச் சரிபார்த்தது. பல வருஷம் கழிச்சு, வேகத்துக்காக அதை நிறுத்தும் வசதி வேணுமான்னு வாடிக்கையாளர்களைக் கேட்டாங்க. அத்தனை பேரும் வேண்டாம்னுட்டாங்க. ஹோர் தன் 1980 டூரிங் விருது உரையில் சொன்ன கதை இது.

1970களில் வந்த சி அந்தச் சோதனையை வைக்கவில்லை. 1988 நவம்பர் 2. மோரிஸ் வார்ம் பரவிய வழிகளில் ஒன்று, 'கெட்ஸ்' என்ற சி ஃபங்ஷன். 512 பைட் இடத்துக்கு 536 பைட் அனுப்பியது. மிஞ்சிய 24 பைட் வழிந்து, கணினியை வார்மின் கட்டளைக்கு ஆட வைத்தது.

'கெட்ஸ்' சி தரநிலையிலிருந்து நீக்கப்பட்டது 2011ல். 23 வருஷம் கழிச்சு!

இப்போ யாராவது "டெஸ்ட்ல ஓடுச்சே, செக்கை எடுத்துடலாம்"னா, எனக்கு அந்த வாடிக்கையாளர்கள்தான் ஞாபகம் வர்றாங்க.