பனியில் ஓடிய பட்டை வண்டி



கண்டுபிடிப்பாளர்களின் வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லும்போது பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த கதையையே சொல்லி வருகிறோம். ஒருவருக்குத் துன்பம் நேர்கிறது; அவர் மனத்தில் ஓர் எண்ணம் மின்னுகிறது; மறுநாள் உலகம் மாறிவிடுகிறது. கனடா நாட்டைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியரின் வரலாறும் இவ்வாறே சொல்லப்படுவதுண்டு. கோலாலம்பூரின் கிளானா ஜெயா தடத்திற்கு இலகு ரயில்களைச் செய்து தந்த பொம்பார்டியர் நிறுவனம் இவருடைய வழி வந்ததே. ஆனால் இவர் முதலில் செய்தது ரயில் அன்று. ஆழ்ந்த பனியில் ஓடும் வண்டி.

பனியில் வண்டி ஏன் புதைகிறது?

புதிதாய்ப் பெய்த பனி மாவைப் போன்றது. மகிழுந்தின் முழு எடையும் நான்கு சக்கரங்கள் தரையைத் தொடும் சிறு பரப்பின் வழியே இறங்குவதால் பனி அதனைத் தாங்குவதில்லை. சக்கரங்களைச் சுற்றி அகன்ற பட்டையை ஓடவிட்டால் அதே எடை பல மடங்கு பெரிய பரப்பில் பரவுகிறது. வண்டி பனியின் மேலேயே நிற்கிறது. நம் செம்பனைத் தோட்டங்களின் சதுப்பு நிலத்தில் மண்வாரி இயந்திரம் புதையாமல் நகர்வதும் இதே முறையில்தான்.

கொள்கை எளியது, செயலோ கடினம். பட்டைக்கும் அதனைச் சுழற்றும் பற்சக்கரத்திற்கும் இடையே பனி புகுந்து கட்டியாகிவிடும். பட்டை வழுக்கும், கழன்று விழும். முன்னோடிகள் பலரைத் தடுத்து நிறுத்திய சிக்கல்களுள் இதுவும் ஒன்று.

பதினைந்து வயதுச் சிறுவன்

பொம்பார்டியர் 1907ஆம் ஆண்டு கியூபெக் மாநிலத்தின் வால்கூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். அக்காலத்தில் அங்குக் குளிர்காலச் சாலைகளில் பனி அகற்றப்படுவதில்லை. மகிழுந்து வைத்திருப்போர் அதனை மாதக்கணக்கில் கொட்டகையில் பூட்டிவிட்டுக் குதிரை பூட்டிய சறுக்குவண்டியை நம்பி வாழ்ந்தனர்.

1922ஆம் ஆண்டின் இறுதியில், பதினைந்து வயதில், தந்தை தந்த பழைய ஃபோர்டு இயந்திரத்தைச் சறுக்குவண்டியில் பொருத்தினார். பின்புறம் தம் கையால் செதுக்கிய மர விசிறியை மாட்டினார். தம்பி முன்னால் அமர்ந்து திசைதிருப்ப, வண்டி ஊர்த் தெருவில் ஓடியது. மறைப்பு ஏதுமின்றிச் சுழன்ற விசிறியைக் கண்டு அஞ்சிய தந்தை, உடனே பிரித்துவிடும்படி கட்டளையிட்டார்.

பெற்றோர் என்ற நிலையில் அந்தத் தந்தையைக் குறைகூற இயலுமா? விசிறி உயிரைப் பறித்திருக்கும். ஆயினும், மகனைச் சமயக் குருவாக்க நினைத்த அதே தந்தை, அவருடைய நாட்டம் இயந்திரத்தில்தான் என உணர்ந்தபின் வழிவிட்டார். 1926ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், தந்தையின் உதவியோடு வால்கூரில் வண்டி பழுதுபார்க்கும் பட்டறையைப் பொம்பார்டியர் திறந்தார். கோடையில் பழுதுபார்ப்பு, குளிர்காலத்தில் பனி வண்டி ஆய்வு. ஆண்டுதோறும் ஒன்றைச் செய்வார், ஓட்டிப் பார்ப்பார், குறை கண்டு பிரிப்பார்.

1934ஆம் ஆண்டின் குளிர்காலம்

அவ்வாண்டில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி கண்டது. மருத்துவமனை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், ஷெர்புரூக் நகரில் இருந்தது. சாலைகளைப் பனி மூடியிருந்தது. பனி வண்டிக்காகவே பல ஆண்டுகள் உழைத்த தந்தையிடம், குழந்தையை ஏற்றிச் செல்லத்தக்க வண்டி ஒன்றும் இல்லை. இவோன் இறந்தான்.

இத்துயரம்தான் கண்டுபிடிப்பைப் பிறப்பித்தது என்று கதை சொல்வோர், அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளை மறந்துவிடுகின்றனர். துயரம் அவருக்கு அறிவைக் கொடுக்கவில்லை. பட்டறையில் கழிந்த குளிர்காலங்கள்தாம் அறிவைக் கொடுத்தன. துயரம் அவரை நிறுத்திவிடவில்லை என்பதே வியப்பு.

1935ஆம் ஆண்டில் அவர் விடை கண்டார். பற்சக்கரத்தை ரப்பரால் போர்த்தினார்; ரப்பர்ப் பட்டைகளைக் குறுக்கு உலோகத் தண்டுகளால் இணைத்துச் சுழல்பட்டை செய்தார். பனி ஒட்டுவது குறைந்தது. பட்டை கழலாமல் ஓடியது. 1937இல் காப்புரிமை கிடைத்தது. அக்காலத்தில் உலக ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலும் அண்டை நாடுகளிலும் விளைந்தது என்பதையும் பால்மரம் சீவியவர்களின் வழிவந்த நாம் நினைவிற்கொள்ளலாம்.

யார் வாங்கினர்?

முதலில் விற்பனைக்கு வந்த ‘பி7’ வண்டியில் எழுவர் அமரலாம். முன்னால் திசைதிருப்பச் சறுக்குப் பலகைகள். பின்னால் உந்தித் தள்ளச் சுழல்பட்டைகள். மருத்துவர்கள், குருமார்கள், விடுதி உரிமையாளர்கள் போன்றோர் இதனை வாங்கினர். அஞ்சலும் நோயாளிகளும் இதில் சென்றனர். பின்னர்ப் பன்னிருவர் அமரும் ‘பி12’ வந்தது. கப்பலில் உள்ளவை போன்ற வட்டச் சன்னல்கள் அதன் அடையாளம். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல இன்னும் பெரிய வண்டியும் செய்யப்பட்டது. மருத்துவமனை சேராமல் ஒரு குழந்தை மடிந்த மாநிலத்தில், அக்குழந்தையின் தந்தை செய்த வண்டிகளில் மற்றப் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர்.

மலையும் பனிவெடிப்பும்

சமவெளிக்குச் சறுக்குப் பலகை போதும். செங்குத்துச் சரிவுக்கு அது போதாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் எம்மிட் டக்கர் என்பவர் ‘ஸ்னோகேட்’ என்ற வண்டியைச் செய்தார். பிற்காலத்தில் அதில் நான்கு தனித்தனிச் சுழல்பட்டைகள் அமைந்தன. நான்கும் உந்துவிசை பெற்றன. நிலத்தின் மேடுபள்ளத்திற்கேற்ப ஒவ்வொன்றும் தனித்தனியே சாய்ந்து எழுந்தது. எனினும் பட்டை வண்டியை ஓட்டுவோர் சரிவில் நேராக ஏறவும் நேராக இறங்கவும் முயல்வர். குறுக்கே சென்றால் வண்டி பக்கவாட்டில் வழுக்கும் அல்லது உருளும்.

இவ்வண்டிகளுக்குக் கடுஞ்சோதனை அண்டார்க்டிகாவில் வாய்த்தது. விவியன் ஃபுக்ஸ் தலைமையிலான குழு 1957ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் புறப்பட்டு, தென்துருவத்தைக் கடந்து, 99 நாள்களில் ஏறத்தாழ 3,470 கிலோமீட்டர் பயணம் செய்து, 1958 மார்ச் 2ஆம் நாள் மறுகரை சேர்ந்தது. மூடிய பனிவெடிப்புகளைக் கம்பால் குத்திக் குத்தித் தேடியே முன்னேற வேண்டியிருந்தது. ஒரு ஸ்னோகேட் வெடிப்பின் மேல் அந்தரத்தில் தொங்கியது. அலுமினியப் பாலத் துண்டுகளைப் பட்டைகளின் கீழ்க் கொடுத்து, மற்ற வண்டிகளால் இழுத்து மீட்டனர். புறப்பட்ட வண்டிகளுள் பொம்பார்டியரின் ‘மஸ்கெக்’ ஒன்றும் இருந்தது. இறுதிவரை சென்று சேர்ந்தவையோ நான்கு ஸ்னோகேட் வண்டிகளே.

சாலை திறந்தது, சந்தை மூடியது

1948ஆம் ஆண்டில் கியூபெக் அரசு நாட்டுப்புறச் சாலைகளிலும் பனியை அகற்ற முடிவெடுத்தது. மக்களுக்கு அது நற்செய்தி, பொம்பார்டியருக்கோ பேரிடி. மகிழுந்தே ஓடும் சாலையில் பனி வண்டி எதற்கு? விற்பனை வெகுவாகச் சரிந்தது. அவர் பனியை விட்டுச் சதுப்பு நிலத்தையும் காட்டையும் நோக்கினார். 1953இல் வந்த மஸ்கெக் அவ்வாறு பிறந்ததே. 1959இல் ஓரிருவர் ஏறிச் செல்லும் ‘ஸ்கி-டூ’ வந்தது. பதினைந்து வயதில் அவர் கனவு கண்ட சிறு வண்டி, 52ஆம் வயதில் கைகூடியது. 1964இல் அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது ஆண்டுகளையும் சேர்த்தே சொல்வோமாக. 1922, 1926, 1934, 1935, 1948, 1959 என்று கரும்பலகையில் எழுதி, இரண்டு ஆண்டுகளுக்கு இடையே என்ன நடந்திருக்கும் என்று அவர்களையே கேட்கலாம். துன்பம் வந்தால் அறிவு தானே வரும் என்று நம்பும் பிள்ளை, தன் முதல் முயற்சி தோற்றதும் தனக்கு அறிவில்லை என்று முடிவு செய்துவிடும். எண்ணற்ற வண்டிகளைச் செய்து பிரித்த மனிதரின் கதையை அறிந்த பிள்ளை, அடுத்த குளிர்காலத்திற்குக் காத்திருக்கக் கற்றுக்கொள்ளும்.