தமிழ் 99 விசைப்பலகை

தமிழ் 99 என்பது கணினியிலும் கைப்பேசியிலும் தமிழை உள்ளிடுவதற்கான விசைப்பலகை அமைப்பு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டில் பிறந்தது. அதே ஆண்டு தமிழக அரசு இதைத் தர விசைப்பலகையாக அறிவித்தது.

அதற்கு முன்பு கணினித் தமிழ் பெரும்பாலும் தட்டச்சுப் பொறியின் வழியில் நடந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா வடிவமைத்த பொறியில், தாளில் விழும் வரிசையிலேயே அடிக்க வேண்டும். 'கொ' வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு 'க', கடைசியில் கால். மெய்யெழுத்துக்குப் புள்ளிதான் முதலில் விழும். அந்த விசை தாளை நகர்த்தாது, அடுத்து அடிக்கும் எழுத்து புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். நகராத விசை என்ற அந்த உத்தி மேதைமையின் அடையாளம். இரும்புக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் கணினிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

தமிழ் 99 எழுத்தின் வடிவத்தை விட்டு ஒலியைப் பிடித்தது. 12 உயிரும் புள்ளியும் இடக்கைப் பக்கம், 18 மெய்யும் வலக்கைப் பக்கம்: ஆக 31 விசைகள். 'க' அடித்து 'ஒ' அடித்தால் 'கொ'. அதிகம் புழங்கும் அ, இ, உ, க, ப, ம, த ஆகியவை விரல்கள் ஓய்வாக இருக்கும் நடு வரிசையில் உள்ளன. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவது தானாகப் புள்ளி பெறும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. அதனால் 'அம்மா' 4 தட்டல், 'தம்பி'யும் 4 தட்டல். 'மமதை' போன்ற சொல்லில் புள்ளி வேண்டாம் என்பதால் முதல் 'ம'வை அடுத்து 'அ'வைத் தட்ட வேண்டும். சந்தி இலக்கணம் அறிந்தவர்கள் செய்த வேலை என்பது இதிலேயே தெரியும்.

அடித்த எழுத்தைச் சேமிப்பதில்தான் நீண்ட காலம் துன்பம் இருந்தது. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்ததால், ஒன்றில் அடித்த கோப்பு இன்னொன்றில் புரியாத குறிகளாகத் திறந்தது. யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கம் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்கள் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தன. யூனிகோடில் 'கொ' என்பது 'க'வும் ஒகரக் குறியுமாக, யூடிஎஃப்-8 முறையில் 6 பைட்டுகளாக வட்டில் பதிகிறது. கொம்பை முன்னும் காலைப் பின்னும் பிரித்து வரைவது திரைக்கும் அச்சுப்பொறிக்கும் எழுத்தை அனுப்பும் மென்பொருளின் பொறுப்பு. முத்தையாவின் பொறியில் விரல் சுமந்த வேலை அது.

சென்னைக் கோட்டூர்புரத்தில் இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம், விசைப்பலகை மென்பொருளையும் யூனிகோடு எழுத்துருக்களையும் இலவசமாக வழங்கிவருகிறது. இன்று விண்டோஸ், ஐபோன், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் தமிழ் 99 கிடைக்கிறது.

ஆனாலும் பலர் ஆங்கில எழுத்துகளை அடித்தே தமிழ் எழுதுகிறார்கள். பழக்கம்தான் காரணம், வேகம் அன்று. அந்த முறையில் ந, ண, ன மூன்றையும் பிரித்துக்காட்ட 'என்' சிறியதா, பெரியதா, அல்லது 'டபிள்யூ'வா என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். தமிழ் 99 பலகையில் மூன்றுக்கும் தனித்தனி விசை இருக்கிறது.